என் மகளுக்கு இன்னொரு தாய் பால் கொடுத்தார்: குடியாத்தத்திலிருந்து ஓர் அனுபவம்

ஒருத்தி பெற்ற குழந்தைக்கு இன்னொருத்தி பால் கொடுப்பது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத செயல் அன்று. குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பகுதிகளில் பிள்ளை பெற்ற பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால், அக்காள் பிள்ளைக்குத் தங்கை கொடுத்ததையும், தாயை இழந்த குழந்தைக்குச் சித்தி கொடுத்ததையும், பக்கத்துக் கட்டிலில் அழுத குழந்தையை யாரோ எடுத்து அணைத்ததையும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். வெளிப்படையாகப் பேசாத காரணத்தால், எதைக் கேட்ட பிறகு கொடுக்கலாம், எப்போது கொடுக்கக் கூடாது, கொடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தரவும் ஆள் இல்லை. என் மகள் பிறந்தபோது இது எதுவும் தெரியாமல் எங்கள் குடும்பம் ஏறத்தாழ 22,000 ரூபாயை வீணாகச் செலவழித்தது. எந்தத் தவறும் செய்யாத ஒரு பெண் எங்கள் வீட்டாரின் வாயால் பேச்சுக் கேட்டார். அந்த நேரத்தில் விவரம் தெரிந்த ஒருவர் பத்து நிமிடம் எங்களோடு பேசியிருந்தால் பாதித் துன்பம் இருந்திருக்காது. அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

2023 மே மாதத்தில், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முந்தைய இரவு, எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் எனக்கு அறுவை சிகிச்சை செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். வைகாசி முதல் நாளில் சிரசு, அதாவது அம்மனின் தலை, ஊர்வலமாக வரும்போது குடியாத்தத்தில் எந்தத் தெருவிலும் வண்டி நகராது. அந்த நாளில்தான் எனக்கு ரத்தப்போக்கு நிற்காமல் போயிற்று. ஆம்புலன்ஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போய் வேலூரைச் சேர்ந்ததாக என் கணவர் சொன்னார். எனக்கு அதில் எதுவும் நினைவில் இல்லை. வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். குழந்தை நன்றாக இருப்பதால் உடன் கொண்டுவரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டதால், என் அம்மா குழந்தையோடு குடியாத்தத்திலேயே தங்கிவிட்டார். தாயை வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது அந்த அவசரத்திலும் வீட்டார் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். குழந்தையையும் அங்கே பச்சிளங்குழந்தைகள் பிரிவில் சேர்க்க முடியுமா என்பது ஒன்று. முடியாதென்றால் தாயின் பாலைப் பீய்ச்சிக் கொடுத்து அனுப்ப ஏற்பாடு உண்டா என்பது மற்றொன்று. எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தக் கேள்விகள் தோன்றவில்லை, மருத்துவமனையிலும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

குழந்தைக்கு ஒரு பால்மாவு டின்னும் புட்டியும் வாங்கி வரச் சொன்னார்கள். பெரும்பாலான டின்களில் 30 மில்லி கொதித்து ஆறிய நீருக்கு ஒரு கரண்டி மாவைத் தலைதட்டிப் போட வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். என் அம்மாவுக்கு அந்தச் சிறிய எழுத்து தெரியவில்லை. மாவு அதிகமானால் சூடு என்ற எண்ணத்தில் நீர்க்கக் கரைத்தார். குழந்தை கொஞ்சம் குடித்தது, குடித்ததைக் கக்கியது, பிறகு புட்டியை வைத்தாலே வாயை மூடிக்கொண்டது. இரவு ஆனதும் அழுகையும் குறைந்துவிட்டது. அழாத குழந்தையைச் சமத்து என்று எண்ணிவிடுவது நம் வழக்கம். பிறந்த குழந்தை பால் கேட்டு எழாமல் தூங்கிக்கொண்டே இருப்பதும், துணி நனையாமல் பல மணி நேரம் போவதும் உடனே மருத்துவரை எழுப்பிச் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டிய அறிகுறிகள். அன்றிரவு பணியில் இருந்த செவிலியர் அனுபவம் குறைந்தவர். காலையில் டாக்டர் வந்து பார்ப்பார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் அறையில் மூன்று கட்டில்கள். பக்கத்துக் கட்டிலில் பேரணாம்பட்டிலிருந்து வந்திருந்த ஒரு முஸ்லிம் பெண், இரண்டாவது பிரசவத்தில் ஆண் குழந்தை பெற்று வீட்டுக்குப் போகக் காத்திருந்தார். நள்ளிரவுக்குப் பிறகு அவர் என் அம்மாவிடம், "ஆண்ட்டி, பிள்ளை சோர்ந்துபோச்சு. எனக்குப் பால் நிறைய இருக்கு. நீங்க சரின்னு சொன்னா நான் கொடுக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். என் அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. என் கணவரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் எடுக்கும் நிலையில் இல்லை. பிறகு குழந்தையின் உதட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அது காய்ந்து, மேல்தோல் வெள்ளையாக எழும்பியிருந்தது. குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டார். திரையை இழுத்து மூடிக்கொண்டு அந்தப் பெண் முதலில் சில துளிகளைக் குழந்தையின் உதட்டில் பீய்ச்சிவிட்டு, அது நாக்கை நீட்டிச் சப்புக்கொட்டிய பிறகு மார்பில் வைத்ததாகவும், முதலில் இரண்டு மூன்று முறை நழுவவிட்ட குழந்தை பிறகு தாடை அசைய விழுங்கும் ஓசை தனக்குக் கேட்டதாகவும் என் அம்மா இன்றும் சொல்வார். விடிவதற்குள் துணி நனைந்துவிட்டது. மறுநாள் பிற்பகல் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் வரையில் அவரே மறுபடியும் கொடுத்தார், தன் மகனுக்குக் கொடுத்த பிறகு.

என் அம்மாவின் முடிவு சரியானது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அவர் அதை ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. மறுநாள் வந்த என் அத்தையிடம் (என் கணவரின் அம்மா) அவர் சொல்லவில்லை. அறை துடைக்க வந்த ஆயாம்மா பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அதன் பிறகு நடந்ததை எழுதவே கை கூசுகிறது. எந்த வீட்டுப் பால், எந்தச் சாதி, என்ன சாப்பிடுகிறவர்கள், என்ன நோயோ என்று அத்தை அந்தப் பெண்ணின் காதில் விழும்படியே பேசினார். பையைக் கட்டிக்கொண்டிருந்த அவர் ஒரு பதிலும் சொல்லாமல் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கணவரின் சித்தப்பா ஒருவர், உடனே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்ல, பிறந்து சில நாள்களே ஆன குழந்தையைத் தனியார் ஆய்வகத்துக்குத் தூக்கிப் போனார்கள். சற்றே தேறி வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு இந்தச் செய்தியை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. மருந்துச் சீட்டுகளைத் தேடியபோது கிடைத்த ஒரு ஆய்வக ரசீதில் என் மகளின் வயது "5 நாள்" என்று இருந்தது, கீழே எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, பால்வினை நோய் என்று வரிசையாகச் சோதனைகள், அடியில் 6,400 ரூபாய். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் முதன்முதலில் விவரம் கேட்டேன்.

இந்த ரசீதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயத்தில் எல்லோரும் முதலில் ஓடுவது ஆய்வகத்துக்குத்தான். பால் குடித்த சில நாள்களிலேயே குழந்தையின் ரத்தத்தைச் சோதிப்பதில் எந்தப் பயனும் இல்லை. கிருமி ஒருவேளை உள்ளே போயிருந்தாலும் அது சோதனையில் தெரிவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். மேலும் ஒன்றரை வயதுக்குள் இருக்கும் குழந்தையின் எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் சோதனையில் தெரிவது பெற்ற தாயின் உடலிலிருந்து வந்த எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம் என்பதால், குழந்தைகளுக்குக் கிருமியையே தேடும் பி.சி.ஆர். சோதனைதான் செய்வார்கள். சோதனை முடிவைப் பார்க்க வேண்டியது பால் கொடுத்தவரிடம். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நம்பிக்கை மையம் என்ற ஆலோசனை, பரிசோதனை மையத்தின் மூலம் எச்.ஐ.வி. சோதனை இலவசமாகவே செய்கிறார்கள். அதோடு மஞ்சள் காமாலை பி, பால்வினை நோய் ஆகியவற்றுக்கான சோதனைகளும் நடக்கின்றன. முடிவுகள் கர்ப்பிணியின் அட்டையிலோ சீட்டிலோ இருக்கும். மரியாதையாகக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய கேள்வி அது. ஒருவேளை பால் கொடுத்தவருக்கு எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரியவந்தால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால் தடுப்பு மருந்து தொடங்குவது பற்றி முடிவெடுக்க முடியும். எனவே சண்டை போட்டு அவரை விரட்டிவிடுவது குழந்தைக்குத்தான் கேடு.

நோய் பற்றிய பயத்தை நான் அலட்சியமாகச் சொல்லவில்லை. 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது, சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளைச் சோதித்த இடம் வேலூர் சி.எம்.சி. (கிறித்துவ மருத்துவக் கல்லூரி) ஆய்வகம்தான். தாய்ப்பால் வழியாக அந்தக் கிருமி பரவக்கூடும் என்பது உண்மை. ஆனால் என் வீட்டில் முதலில் எழுந்த கேள்வி நோயைப் பற்றியது அன்று. சாதியையும் மதத்தையும் கேட்ட பிறகுதான் நோய் வந்தது. சொந்தச் சாதிப் பெண் ஒருத்தி கொடுத்திருந்தால் ஒரு சோதனையும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், கிருமியோ சாதி பார்த்து வருவதில்லை. அத்தை கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பவர். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போகாமல் இருந்ததில்லை. முருகனுக்குப் பால் கொடுத்து வளர்த்த கார்த்திகைப் பெண்கள் அறுவரில் ஒருவரும் அவனைப் பெற்றவர் இல்லையே என்று ஒருநாள் நான் கேட்டேன். சிரசுத் திருவிழாவில் ஊரே கூடி நின்று கும்பிடும் அம்மனின் தலையும் வேறொரு குலத்துப் பெண்ணின் உடலில்தானே பொருத்தப்படுகிறது என்றும் கேட்டேன். சாமி விஷயத்தை இதில் இழுக்காதே என்று அவர் எழுந்து போய்விட்டார். நான் வாதத்தில் வெல்ல நினைத்துக் கேட்கவில்லை. நாம் கும்பிடும் கதைகளுக்குள்ளேயே இதற்கு இடம் இருக்கும்போது, மருத்துவமனைத் திரைக்குப் பின்னால் ஏன் இடமில்லை என்பது எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

என் மனநிலையையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் பெண்களில் சிலருக்காவது அது பயன்படும். அந்தப் பெண்ணுக்கு நான் பட்டிருந்த நன்றி பெரியது. அதே சமயம், என் குழந்தை முதலில் விழுங்கியது என் பால் அன்று என்ற எண்ணம் வந்தபோதெல்லாம் வயிறு எரிந்தது. அது பொறாமைதான். தீவிர சிகிச்சையில் இருந்த நாள்களில் என் மார்பு கல்லாகக் கட்டி வலித்தது. ஒருவரும் பாலைப் பீய்ச்சி எடுக்கவில்லை, பிறகு தானாகவே வற்றத் தொடங்கிவிட்டது. நான் மகளை மார்பில் வைத்தபோது அவள் சலித்து அழ, என்னை வேண்டாத பிள்ளையாகிவிட்டாளோ என்று அழுதேன். குழந்தைகள் மருத்துவர் ஒருவர், பால் சுரப்பது குழந்தை சப்புவதைப் பொறுத்தது, இரண்டு மூன்று மணிக்கொருமுறை இரவிலும் விடாமல் வையுங்கள், இடையில் தேவைப்படுவதைப் புட்டியில் கொடுக்காமல் பாலாடையில் (சங்கு போன்ற சிறு கிண்ணத்தில்) கொடுங்கள் என்றார். அப்படியே செய்தோம். என் ஆயா, அதாவது பாட்டி, பூண்டும் பால்சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் செய்து போட்டார். எது உதவியது என்று தெரியாது, ஆனால் ஒரு மாதத்துக்குள் டின் தேவைப்படவில்லை. தாய் மயக்கத்தில் இருந்தாலும் செவிலியரின் உதவியோடு பாலைப் பீய்ச்சி எடுக்க முடியும். அவர் சாப்பிடும் மருந்துகளோடு அந்தப் பாலைக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், பெரும்பாலான மருந்துகளுக்குக் கொடுக்கலாம் என்றே பதில் வரும். கொடுக்க முடியாத நிலையிலும் எடுத்துக் கொட்டிவிடுவது நல்லது, சுரப்பு நின்றுபோகாமல் இருக்கும்.

மகளுக்கு மூன்று மாதம் முடிந்த பிறகு, மருத்துவமனையில் முகவரி விசாரித்து, கணவரை அழைத்துக்கொண்டு பேரணாம்பட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்காகப் போனேன். சோதனை விவரத்தைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அந்த அக்காவோ என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லிவிட்டு, பீரோவிலிருந்து தன் தாய் சேய் அட்டையை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "உங்க அத்தை கேட்டது தப்பில்ல அக்கா, கேட்ட விதம்தான் மனசுக்குக் கஷ்டமா போச்சு" என்றார். அட்டையில் எல்லாச் சோதனைகளுக்கும் முடிவு இருந்தது, எட்டாம் மாதத்தில் எடுத்ததும் சேர்த்து. அதன் பிறகு அவர் கேட்டதுதான் நான் எதிர்பாராதது. என் பெயரையும் என் கணவரின் பெயரையும் குழந்தையின் பெயரையும் எழுதித் தரச் சொன்னார். அவர்கள் மார்க்கத்தில் இரண்டு வயதுக்குள் ஒரு பெண்ணிடம் பால் குடித்த குழந்தை அவருக்குப் பிள்ளை ஆகிவிடுகிறது. அவர் பெற்ற பிள்ளைகளும் அந்தக் குழந்தையும் பால்குடிச் சகோதரர்கள், ஒருவரை ஒருவர் மணக்கக் கூடாது. குர்ஆனின் நான்காம் அத்தியாயத்திலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது. எத்தனை முறை குடித்தால் அந்த உறவு ஏற்படும் என்பதில் ஷாஃபிஈ மத்ஹபினர் (மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்டப் பிரிவு) ஐந்து முறை என்றும், ஹனஃபி மத்ஹபினர் சிறிதளவு குடித்தாலே போதும் என்றும் சொல்கிறார்கள். நபிகள் நாயகத்துக்கே ஹலீமா என்ற செவிலித்தாய் பாலூட்டியதை அந்த அக்காவின் மாமியார் எனக்கு எடுத்துச் சொன்னார். ரேஷன் அட்டை நகல்கள் வைத்திருந்த கோப்பில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் என் மகளின் பெயரைத் தமிழில் நானும், உருதுவில் அவருடைய கணவரும் எழுதினோம்.

முஸ்லிம் குடும்பங்களோடு இப்படி ஓர் உதவியைப் பெறுபவர்களும் கொடுப்பவர்களும் இந்த விதியை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். நமக்கு ஓர் இரவின் உதவியாகத் தோன்றுவது அவர்களுக்கு வாழ்நாள் உறவு. அதனால் அந்த வீட்டின் பெரியவர்களுக்குத் தெரியாமல் செய்வது பிற்பாடு அவர்களுக்குச் சங்கடத்தை உண்டாக்கும். நாம் எந்த மதத்தவராக இருந்தாலும், யார் யாருக்கு எப்போது பால் கொடுத்தார் என்று ஒரு தாளில் எழுதி இரு வீட்டிலும் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் குழந்தையின் மருத்துவர் கேட்டாலும் அது உதவும்.

இனி, கொடுப்பவரிடம் கேட்க வேண்டியவை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, பால்வினை நோய் ஆகியவற்றின் முடிவுகளைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்தது மட்டும் இருந்தால் புதிதாக ஒன்று எடுப்பது நல்லது. நாள்பட்ட இருமல், காய்ச்சல், அம்மை, மார்பில் கொப்புளம் அல்லது ரத்தம் கசியும் வெடிப்பு இருந்தால் நேரடியாகப் பால் கொடுக்கக் கூடாது. தொடர்ந்து எடுக்கும் மருந்துகளைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மது, புகையிலை, ஜர்தா போட்ட வெற்றிலை ஆகியவற்றையும் தயங்காமல் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டிலேயே பீடி சுற்றும் பெண்கள் மிகுதி. புகையிலைத் தூள் கையிலும் சேலையிலும் ஒட்டியிருக்கும், அதைச் சுற்றும்போது உடலுக்குள்ளும் சேரும், எனவே அவர்கள் பிறர் குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது. இரு குழந்தைகளின் வாயையும் பார்க்க வேண்டும்: நாக்கில் துடைத்தாலும் போகாத வெண்படலம் இருந்தால் அது மார்பின் வழியாக அடுத்த குழந்தைக்கும் தொற்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கேள்விகள் இரு பக்கமும் உரியவை. பால் கொடுப்பவரும், உங்கள் குழந்தைக்கு ஏதேனும் நோய் உண்டா என்று கேட்கும் உரிமை உள்ளவர்.

இது மருத்துவம் ஏற்காத பழங்கால வழக்கம் என்று சிலர் சொல்வதும் சரியன்று. உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட குழந்தை உணவு பற்றிய வழிகாட்டு ஆவணத்தில், தாய் நேரடியாகப் பால் கொடுக்க முடியாதபோது அவரிடமிருந்து பீய்ச்சி எடுத்த பால், ஆரோக்கியமான இன்னொரு தாயின் பால் அல்லது தாய்ப்பால் வங்கியின் பால், கோப்பையில் கொடுக்கும் பால்மாவு என்றே மாற்று வழிகளைச் சொல்லியிருக்கிறது. இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இப்போது வங்கிகள் இருக்கின்றன. கொடுப்பவருக்கு ரத்தச் சோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக் குளிரூட்டி வைப்பார்கள். அந்தப் பால் பெரும்பாலும் குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்குமே முதலில் போகும். எங்களைப் போல் நள்ளிரவில் குடியாத்தத்தில் இருப்பவர்களுக்கு அது எட்டாது என்றாலும், பிரசவ நாளுக்கு முன்பே அருகில் எங்கே வங்கி இருக்கிறது என்று 104 எண்ணிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்டு வைத்துக்கொள்ளலாம். விலைக்கு விற்கும் தாய்ப்பாலை மட்டும் எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். 2024 மே மாதத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தாய்ப்பால் விற்பனைக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது. அடுத்த சில நாள்களிலேயே சென்னை மாதவரத்தில் புட்டிகளில் விற்ற ஒரு கடைக்குச் சீல் வைத்தார்கள்.

அந்தப் பேரணாம்பட்டு அக்காவுக்கு அடுத்த மழைக்காலத்தில் டெங்கு வந்து வேலூரில் சேர்த்தார்கள். அவருடைய மகன் புட்டியைத் தொடவே இல்லை. அவருடைய கணவர் தயங்கித் தயங்கித் தொலைபேசியில் கேட்டபோது, இந்த முறை எதையும் ஒளித்துச் செய்யக் கூடாது என்று முடிவு செய்தேன். என் சோதனைகளை மறுபடியும் எடுத்து அவர்களுக்குக் காட்டினேன். மகளின் மருத்துவரிடம் சொன்னேன். என் கணவர் தன் அம்மாவிடம் நேரடியாகவே தெரிவித்தார். அவர் பேசாமல் இருந்துவிட்டார், அதுவே எனக்குப் பெரிது. பையனை அவனுடைய பாட்டி எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்து தங்கினார். முதலில் என் மகள், பிறகு அவன். அவன் என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே குடித்தான். தெருவில் இருவர் என்னிடம், உன் பிள்ளைக்குப் பால் குறைந்துவிடாதா என்று அக்கறையோடுதான் கேட்டார்கள். எடுக்க எடுக்கச் சுரக்கும் என்று விளக்கினேன். ஒரு பெண் மட்டும், துலுக்கப் பிள்ளைக்கா என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்கும் பதில் சொன்னேன்: ஆமாம், அவன் அம்மா என் பிள்ளைக்குக் கொடுத்தாள். அந்த நவம்பரில் கொச்சியில் ஒரு பெண் காவலர், தாய் மருத்துவமனையில் இருந்த வடநாட்டுக் குழந்தைக்குப் பால் கொடுத்த செய்தி வந்தது. மறு ஆண்டு வயநாட்டு நிலச்சரிவின்போது, தாயை இழந்த குழந்தைகளுக்குப் பால் கொடுக்க இடுக்கியிலிருந்து ஒரு தாய் தன் குடும்பத்தோடு கிளம்பிப் போனதையும் படித்தேன். பாராட்டியவர்கள் ஏராளம், அவரைப் பற்றி அருவருப்பாக எழுதியவர்களும் இருந்தார்கள். ஒரு பெண்ணின் மார்பைக் குழந்தையின் உணவாகப் பார்க்கத் தெரியாதவர்கள் எழுதியதைப் படித்து எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

கடைசியாக, பால் கொடுக்கும் பெண்ணின் உடலைப் பற்றி. பையன் தன் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, இரண்டு குழந்தைகளுக்காகச் சுரந்து பழகிய மார்பு கட்டிக்கொண்டு எனக்குக் காய்ச்சல் போல வந்துவிட்டது. ஆயா மல்லிகைப் பூவைக் கட்டச் சொன்னார். பால் வற்ற மல்லிகை கட்டும் வழக்கத்தை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களே மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, பலன் இருப்பதாக 1988-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எனக்கு என் மகளுக்குப் பால் வேண்டியிருந்ததால், முழுவதும் வற்றச் செய்யும் வழி பொருந்தாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். பாரம் குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சி, குளிர்ந்த துணியை வைத்து, நாளுக்கு நாள் அதையும் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார், அப்படியே சரியாயிற்று. பிறர் குழந்தைக்குச் சில நாள் கொடுப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்தாமல், நாளுக்கு ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். மார்பில் ஓரிடம் சிவந்து சூடாகி, குளிர்காய்ச்சலும் சேர்ந்தால், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த நிலையிலும் தன் குழந்தைக்குக் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை.